சாக்கடைக்கும் தலைவிதியா?

(ஒரு சிறு நகரத்தின் சந்தைத் திடலில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இக்கூட்டத்தில் நகரசபை நிர்வாகத்தைப் பற்றி நாம் பேசவேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் விரும்பினார்கள். துண்டறிக்கையைப் பார்த்த சிலர், "இவர்கள் எப்போதும் ஜாதியைப் பற்றியும் சாமியைப் பற்றியும் அல்லவா பேசுவார்கள்? இப்போது குழாயையும் சாக்கடையையும் பற்றிப் பேச ஏன் வந்துவிட்டார்கள்? விஷயம் தீர்ந்துபோய்விட்டதா?" என்று பரிகாசம் செய்ததாகக் கேள்விப்பட்டோம். அவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிட்டுப் பிறகு காரியத்திற்கு வருகின்றோம்.

தோழர்களே! ஒருவர் கடவுளைப் பற்றி எந்த அபிப்பிராயம் கொண்டிருந்தாலும், காலையில் எழுந்தவுடன் குழாயடிக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. அவருடைய பிள்ளை பள்ளிக்கூடம் போகவேண்டுமானால், ஆட்டோவும் லாரியும் தள்ளுவண்டியும் அடைத்துக்கொண்டிருக்கும் கடைத்தெருவைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது. இராத்திரியில் அவர் சுவாசிப்பது குப்பைமேட்டில் எரிகின்ற புகையைத்தான். இந்த மூன்றிலும் நமக்கு வருகின்ற துன்பத்திற்குக் காரணம் என்ன என்று விசாரிக்காமல், "எல்லாம் நம் தலையெழுத்து" என்று இருந்துவிடுவோமானால், நாம் படித்த பகுத்தறிவுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஜாதகக்கட்டத்தில் பன்னிரண்டு வீடுகளிலும் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை விரல்விட்டுச் சொல்லுகிற மனிதருக்கு, தம்முடைய வார்டில் யார் கவுன்சிலராக உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரிவதில்லை. சனி எப்போது பெயருகிறது என்பதை அறிந்தவருக்குக் குடிதண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவினார்கள் என்பது தெரிவதில்லை. இதை மாற்றுவதும் நம் வேலைதான். ஆகையால்தான் வந்திருக்கின்றோம்.

ஊராரைக் குறை சொல்லுமுன் நம்முடைய குறையையே முதலில் சொல்லிவிடுகின்றோம். சில வருஷங்களுக்கு முன்னர் நாம் குடியிருந்த தெருவில் ஒரு மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை கண்டது. முதலில் இரண்டு பிள்ளைகள்; பிறகு நாலைந்து வீடுகள். சிலர் மந்திரித்தார்கள், சிலர் வேர் கட்டினார்கள், தெருமுனை அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். நம் வீட்டிற்கு மூன்றாம் வீட்டில் இருந்த நிறைமாதக் கர்ப்பிணியான ஒரு சகோதரிக்கும் அந்நோய் கண்டு, அவர் பிழைக்கவில்லை. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் பெரியவர்கள், "அவளுக்கு இராகு தசை, யார் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாமும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டுத்தான் வந்தோம்.

பத்து நாள் கழித்து நகரசபை ஆட்கள் வந்து தெருவைத் தோண்டியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. வீடுகளுக்குப் போகின்ற தண்ணீர்க் குழாய்களில் பாதி சாக்கடைக்கு உள்ளேயே கிடந்தன. ஒரு குழாய் துருப்பிடித்து ஓட்டையாக இருந்தது. மற்றும் சிலர் அனுமதியில்லாமல் பெரிய குழாயில் துளை போட்டு, டியூபைச் சுற்றிக் கட்டி, மோட்டார் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிலரில் நாமும் ஒருவர். இந்த மேடையில் நின்று அதை மறைத்துவிட்டு உங்களுக்குப் புத்தி சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

இதில் இராகு எங்கே வந்தான்? காரணம் மிகவும் சுலபமானது. எப்போதும் தண்ணீர் நிறைந்து அழுத்தத்தோடு ஓடுகின்ற குழாயில் ஓட்டை இருந்தால், தண்ணீர் வெளியே கசியுமே தவிர வெளியிலிருக்கிற அசுத்தம் உள்ளே நுழையாது. ஆனால் நாலு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விட்டு நிறுத்தினால், மற்ற நாட்களில் குழாய் காலியாய்க் கிடக்கும். அப்போது சுற்றியுள்ள சாக்கடைநீர் ஓட்டை வழியாய் உள்ளே இறங்கும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் அது இன்னும் வேகமாய் இழுக்கும். மறுபடி தண்ணீர் திறந்ததும் முதல் குடத்தில் வந்து விழுவது அதுதான். தண்ணீரால் பரவுகிற காமாலைகளில் ஒருவகை, கர்ப்பிணிகளுக்கு மற்றவர்களைவிட மிகவும் அதிகமான ஆபத்தைச் செய்யும் என்பது வைத்தியர்கள் நன்றாய் அறிந்த விஷயம். ஆகவே அந்தச் சகோதரியைக் கொன்றது கிரகமல்ல. ஒரு துருப்பிடித்த குழாயும், அதைப் பார்க்காத அதிகாரியும், திருட்டுத்தனமாய் உறிஞ்சிய நம்மைப் போன்றவர்களுமே என்று சொல்லவேண்டியவர்களாய் இருக்கிறோம்.

இந்த உண்மையை உலகத்திற்குக் காட்டியது ஒரு சாதாரணத் தெருக்குழாய்தான். 1854-ஆம் வருஷம் லண்டன் பட்டணத்தில் பிராட் தெரு என்ற இடத்தில் காலரா கண்டு 600-க்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். அக்காலத்து வைத்தியர்களில் பெரும்பாலோர், கெட்ட காற்றினால்தான் காலரா வருகிறதென்று நம்பியிருந்தார்கள். ஜான் ஸ்நோ என்ற ஒரு வைத்தியர் மட்டும் வீடு வீடாகப் போய், எந்தெந்த வீட்டில் எத்தனை சாவு, அவர்கள் எந்தக் குழாயில் தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்துக் கணக்கெடுத்தார். சாவுகளில் பெரும்பாலானவை ஒரு கைப்பம்பைச் சுற்றியே இருந்தன. பக்கத்திலிருந்த பீர்த் தொழிற்சாலை வேலைக்காரர்களில் ஒருவரும் மாளவில்லை. ஏனெனில் அவர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிக்கவில்லை. அவர் சொல்லி அந்தப் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. அவர் சொன்னதை நம்பாமல், அதைப் பொய்யென்று காட்டவே விசாரணை தொடங்கிய ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் பாதிரியார், தாமே தெருத்தெருவாய் விசாரித்து, நோய் கண்ட ஒரு குழந்தையின் துணியைக் கழுவிய நீர் கிணற்றருகிலிருந்த மலக்குழியில் ஊற்றப்பட்டதையும் கண்டுபிடித்து, "ஸ்நோ சொன்னதே சரி" என்று ஒப்புக்கொண்டார். பாதிரியாராயிருந்தும் தம் அபிப்பிராயத்தைவிட உண்மையைப் பெரிதாய் மதித்த அந்த மனிதரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். நம்மவர்களுக்கு வேண்டியதும் அந்தக் குணமே.

ஆனால் உண்மை தெரிந்த உடனே சாக்கடை கட்டிவிட்டார்களா? இல்லை. 1858-ஆம் வருஷக் கோடையில் தேம்ஸ் ஆறு நாறி, அந்த நாற்றம் ஆற்றங்கரையிலிருந்த பார்லிமெண்ட் கட்டிடத்திற்குள் நுழைந்து, ஜன்னல் திரைகளை மருந்தில் நனைத்துத் தொங்கவிட்டும் மெம்பர்கள் உட்கார முடியாமல் போன பிறகுதான், அவசர அவசரமாய்ச் சட்டம் நிறைவேற்றி, பாஸல்ஜெட் என்ற இஞ்சினீயரைக் கொண்டு பெரிய பாதாளச் சாக்கடைகள் கட்டினார்கள். ஏழை மூக்கில் ஏறிய நாற்றம் வெகுகாலம் எந்தச் சட்டத்தையும் அசைக்கவில்லை. ஆளுகிறவர்களின் மூக்கில் ஏறியதும் அசைத்துவிட்டது. இது லண்டனுக்கு மட்டும் சொந்தமான கதையா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி நகரசபை என்பது என்ன என்று பார்ப்போம். ரிப்பன் பிரபு 1882-இல் ஸ்தல சுயாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார். 1920-இல் சென்னை மாகாணத்தில் ஜில்லா முனிசிபாலிடிச் சட்டம் வந்தது. 1993-இல் அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் அமுலுக்கு வந்து, தண்ணீர், துப்புரவு, ரோடு, தெருவிளக்கு, வண்டி நிறுத்துமிடம் முதலிய 18 இனங்களை நகர ஸ்தாபனங்களுக்கு உரியவை என்று அட்டவணை போட்டது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு சிறு வார்த்தையைக் கவனிக்கவேண்டும். இந்த அதிகாரங்களை ராஜ்ய சட்டசபை "கொடுக்கலாம்" என்றுதான் இருக்கிறதே தவிர, "கொடுத்தே தீரவேண்டும்" என்று இல்லை. தமிழ்நாட்டில் 1998-இல் செய்யப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் முழுவதுமாய் நடைமுறைக்கு வந்ததே 2023 ஏப்ரலில்தான். கால் நூற்றாண்டுக் காலம் அது காகிதத்தில் தூங்கிற்று.

அதுமட்டுமா? 2016 அக்டோபரில் நகரசபைகளின் ஆயுள் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான் நடந்தது. ஐந்து வருஷத்திற்கு மேலாக, சேர்மனும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. தனி அதிகாரிகளே ஆண்டார்கள். ஒரு கோயில் திருவிழா ஐந்து வருஷம் நின்றுபோயிருந்தால் இந்த நாட்டில் எத்தனை கூட்டம், எத்தனை ஊர்வலம் நடந்திருக்கும்! நம்முடைய ஓட்டுரிமை ஐந்து வருஷம் நின்றுபோனதைப் பற்றி எத்தனை தெருவில் கூட்டம் போட்டோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தத் தேர்தலில் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் என்று அமைக்கப்பட்டன. இவற்றில் சரிபாதி ஸ்தானங்கள் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. இது மிகவும் நல்ல காரியம். ஆனால் பல ஊர்களில் என்ன நடக்கிறது? ஜெயித்தவர் அம்மாள், நாற்காலியில் உட்காருகிறவர் அம்மாளின் வீட்டுக்காரர். குழாயடியில் நிற்பவர் பெண். எத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வந்தது என்று தேதி போட்டுச் சொல்லக்கூடியவர் பெண். அதைப் பற்றிப் பேசுகிற இடத்தில் மட்டும் ஆண் உட்காருவதென்றால், ஒதுக்கீட்டினால் லாபம் யாருக்கு? தாய்மார்களே! உங்கள் கவுன்சிலர் ஒரு சகோதரியானால், குறையை அவரிடமே நேரில் சொல்லுங்கள். வீட்டுக்காரர் பதில் சொன்னால், "உங்களுக்கு நாங்கள் ஓட்டுப் போடவில்லையே" என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

நகரசபையாருக்கும் நியாயம் சொல்லவேண்டும். அவர்கள் கையில் எல்லா அதிகாரமும் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்ளக் கூடாது. தண்ணீர்த் திட்டத்தைப் போடுகிறது குடிநீர் வடிகால் வாரியம். மின்சாரம் வேறொரு ஸ்தாபனத்துடையது. ஊர் நடுவே போகிற பெரிய ரோடு நெடுஞ்சாலை இலாகாவினுடையது. வண்டிகளை ஒழுங்குபடுத்துவது போலீஸ். தொழிற்சாலைக் கழிவைப் பார்க்கவேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆகையால் ஒரு குறையை எடுத்துக்கொண்டு போனால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். இது புரோகிதர் வழியேதான். பலன் கிடைக்காவிட்டால் மந்திரத்தில் குற்றமில்லை, உன் முன்ஜன்மத்தில் குற்றம் என்பார். இங்கே முன்ஜன்மத்திற்குப் பதில் பக்கத்து இலாகா. ஆனால் தெருச்சாக்கடை, குப்பை, தெருவிளக்கு, குழாய்த் தண்ணீரின் சுத்தம், ஆக்கிரமிப்பை அகற்றுவது ஆகிய இவை நகரசபையின் தலையிலேயே இருக்கின்றன. இவற்றில் தப்பிக்க வழியில்லை.

"பணமில்லையே, என்ன செய்வது?" என்று சொல்லுவார்கள். தோழர்களே, இந்த ஒரு பதிலுக்காகவே ஒரு சிறு நகரத்தின் கதையை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். மத்தியப் பிரதேசத்தில் ரத்லம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு வார்டில் திறந்த சாக்கடை, போக வடிகாலில்லை. சாராய ஆலை ஒன்றின் நாற்றம்பிடித்த கழிவுநீர் தெருவில் ஓடிற்று. கக்கூஸ் இல்லாத ஏழைகள் சாக்கடையோரத்தையே உபயோகித்தார்கள். கொசுவோ சொல்லமுடியாது. 1972-இல் அவ்வார்டு ஜனங்கள், பொதுத்தொல்லையை நீக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் கொடுக்கும் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவைக் கொண்டு மனுப்போட்டார்கள். திட்டம் தயாரித்து வேலை செய்யும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். நகரசபை என்ன செய்திருக்கவேண்டும்? சாக்கடை கட்டியிருக்கவேண்டும். அதைச் செய்யாமல் வழக்காடிற்று. செஷன்ஸ் கோர்ட்டில் நகரசபைக்கு ஜெயம். ஹைகோர்ட்டில் ஜனங்களுக்கு ஜெயம். பிறகு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் நகரசபையே போயிற்று.

அங்கே நகரசபை சொன்ன சமாதானம் இரண்டு. ஒன்று, பணமில்லை. மற்றொன்றைக் கேளுங்கள்: "இந்த இடம் அசுத்தமான இடம் என்று தெரிந்தேதானே இவர்கள் இங்கே குடிவந்தார்கள்; இப்போது குறைசொல்ல இவர்களுக்கு என்ன உரிமை?" என்பது! 1980-இல் தீர்ப்புச் சொன்ன நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பணமில்லை என்பது சட்டப்படியான கடமையிலிருந்து தப்பிக்க ஒரு சாக்காகாது என்று தள்ளிவிட்டார். மனிதனின் மானமும் சுகாதாரமும் நகரசபையின் பட்ஜெட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க முடியாது என்ற கருத்தின்மேல், காலக்கெடு வைத்துச் சாக்கடையும் கக்கூஸும் கட்டும்படியும், ஆலையின் கழிவு தெருவிற்கு வருவதை நிறுத்தும்படியும் உத்தரவாயிற்று. மனுப்போட்டவர்கள் ராஜாக்களுமல்ல, மந்திரிகளுமல்ல. ஒரு வார்டின் குடிஜனங்கள். எட்டு வருஷம் விடாமல் நின்றார்கள். அதே பிரிவு இன்று 2023-ஆம் வருஷத்துப் புதிய நடைமுறைச் சட்டத்தில் 152 என்ற எண்ணோடு இருக்கிறது. ஆகவே இந்த ஆயுதம் உங்கள் கையிலும் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்தபடியாகப் போக்குவரத்து. இவ்வூர்க் கடைத்தெருவில் நாம் இன்று சாயங்காலம் நடந்து வந்தோம். கடைக்காரர் சாக்கடைமேல் படிக்கட்டுக் கட்டியிருக்கிறார். படிக்கட்டின்மேல் சாமான் வைத்திருக்கிறார். சாமானுக்கு முன்னே வண்டி நிற்கிறது. மிச்சமிருப்பதில் ஜனங்கள் நடக்கிறார்கள். சாக்கடைமேல் கட்டினால் அதைத் தூர்வார முடியாது. தூர்வாராவிட்டால் மழைநீர் தெருவில் நிற்கும். தெருவில் நின்றால் அந்தக் கடைக்குள்ளேயே நுழையும். இவ்வளவும் தெரிந்தும், "அடுத்தவன் எடுத்தால் நானும் எடுக்கிறேன்" என்று ஒவ்வொருவரும் சொல்லுகிறார்கள். இதில் தள்ளுவண்டிக்கார ஏழையை முதலில் துரத்துவதும், மாடிக்கட்டிடக்காரரைக் கடைசிவரை தொடாமலிருப்பதும் நியாயமல்ல. 2014-ஆம் வருஷத்துத் தெருவியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கச் சொல்லுகிறது. அதைச் செய்துவிட்டுப் பிறகு ஒழுங்கைப் பேசட்டும்.

இன்னொரு ஆக்கிரமிப்பைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வந்தாலும் சொல்லத்தான் வேண்டும். முதலில் ரோட்டோரத்தில் ஒரு கல். பிறகு அதற்கு மஞ்சள். பிறகு ஒரு தகரக் கொட்டகை. பிறகு உண்டியல். பிறகு கட்டிடம். பஸ் திரும்ப இடமில்லை என்றால், "சாமி காரியத்தில் கைவைக்காதே" என்று எச்சரிக்கை. சர்வவல்லமையுள்ள சாமிக்குப் பட்டா நிலத்தில் இடமில்லாமல் பஸ் திரும்புகிற மூலைதானா கிடைத்தது? 2009 செப்டம்பர் 29-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, பொதுத்தெருவிலும் பொது இடத்திலும் இனிமேல் கோயிலோ மசூதியோ மாதாகோயிலோ குருத்துவாராவோ புதிதாய்க் கட்டக்கூடாதென்று உத்தரவிட்டது. இதைக் கேட்டுக் கை தட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லுகிறோம். கட்சிக் கொடிமரமும் வளைவும் பேனரும் அதே தெருவில்தான் நிற்கின்றன. 2019 செப்டம்பரில் சென்னையில் சாலை நடுவே வைத்த ஒரு பேனர் ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண்மேல் சாய்ந்து, அவர் பின்னால் வந்த லாரியில் சிக்கி மாண்டார். ஆகவே நம் இயக்கத் தோழர்கள் இன்றைய கூட்டத்திற்காக வழியில் நட்டிருக்கும் கழிகளை இன்றிரவே பிடுங்கிக் குழிகளை மூடிவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம். ஒலிபெருக்கிக்கும் அப்படியே. இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை கூடாதென்பது 2000-ஆம் வருஷத்து விதி. பத்து மணிக்கு நாமும் நிறுத்திவிடுவோம்.

மூன்றாவது, ஆறும் காற்றும் கெடுவது. "தொழில் வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா?" என்று முதலாளிமார் கேட்கிறார்கள். இது கபடமான கேள்வி. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கத்தில் தோல்பதனிடும் சாலைகளின் கழிவு பாலாற்றிலும் நிலத்திலும் இறங்கிற்று. சுப்ரீம் கோர்ட்டில் நடந்த வழக்கில், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக எடுத்துக்காட்டப்பட்டது. 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி அக்கோர்ட்டு, மாசு செய்தவனே அதன் நஷ்டத்தையும் சீர்செய்யும் செலவையும் கொடுக்கவேண்டும் என்பதை நாட்டின் சட்டமாகவே ஏற்றுக்கொண்டது. அதற்குப் பதினான்கு வருஷத்திற்குப் பிறகும், 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை ஹைகோர்ட்டு உத்தரவிடும் நிலைமை வந்தது. நொய்யலில் பாசனத்திற்கென்று கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயத்தண்ணீர் தேங்கும் குட்டையாகப் போயிற்று. அணைக்குத் தங்கள் நிலத்தைக் கொடுத்த விவசாயிகளுக்கே அந்தத் தண்ணீரால் தீமை வந்தது. பட்டறை மூடினதும் கூலி போனது யாருக்கு? முதலாளிக்கல்ல, தொழிலாளிக்கு. ஆரம்பத்திலேயே கழிவைச் சுத்தம் செய்திருந்தால் ஆறும் பிழைத்திருக்கும், கூலியும் பிழைத்திருக்கும். கழிவைச் சும்மா ஆற்றில் விட்டு லாபம் சம்பாதித்தவன் ஒருவன். நஷ்டத்தை விவசாயியும் தொழிலாளியும் பங்குபோட்டுக் கொள்ளவேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

இவ்வூர்க் குப்பையிலும் இதே கதைதான். ஈரக்குப்பையையும் காய்ந்த குப்பையையும் சேர்த்துப் போட்டால் அதை உரமாக்கவும் முடியாது, விற்கவும் முடியாது, கொளுத்தத்தான் முடியும். போகிப் பண்டிகை என்று டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்கிறோம். பழைய சாமான்களைக் கழிப்பதாகச் சொல்லி, பச்சைக்குழந்தைகளின் மார்பில் புதிய நோயைப் புகுத்துகிறோம். பழையதைக் கழிக்க விரும்புகிறவர்கள் பழைய மூடநம்பிக்கையைக் கழிக்கட்டுமே. அதற்குப் புகை கிளம்பாது.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயத்திற்கு வருகின்றோம். இவ்வளவு அசுத்தத்தையும் நாம் செய்கிறோம். அதை எடுப்பது யார்? இந்த நாட்டில் சாக்கடைக்கு இஞ்சினீயர் எந்த ஜாதியிலிருந்தும் வரலாம். கண்டிராக்டர் எந்த ஜாதியிலிருந்தும் வரலாம். சாக்கடைக்குள் இறங்குகிறவர் மட்டும் எப்படி எப்போதும் குறிப்பிட்ட சில ஜாதிகளிலிருந்தே வருகிறார்? 1993-இல் ஒரு சட்டம். போதவில்லையென்று 2013-இல் மற்றொரு சட்டம். பாதுகாப்பில்லாமல் மனிதரை மலக்குழியில் இறக்குவது குற்றம். இறந்தவர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கவேண்டுமென்று 2014-இலும், அதை 30 லட்சமாக உயர்த்தி 2023-இலும் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. இருந்தும் சாவு நிற்கவில்லை. அடைத்துக்கிடக்கும் குழியில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு இருக்கும். கொஞ்சமாயிருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் தெரியும். அதிகமாகிவிட்டால் மூக்கே அதை உணராமல் மரத்துப்போகும். "நாற்றமில்லை" என்று நினைத்து இறங்குகிறவர் அடுத்த நிமிஷம் விழுகிறார்; அவரைத் தூக்க இறங்குகிற தோழரும் விழுகிறார். இயந்திரம் இல்லாமலா? திருவனந்தபுரத்தில் 2018-இலேயே மனிதருக்குப் பதிலாக இயந்திரத்தைக் குழிக்குள் இறக்கிக் காட்டிவிட்டார்கள். இயந்திரம் வாங்க யோசிக்கிற நகரசபை மனிதரை இறக்க யோசிக்காததற்குக் காரணம் பணமல்ல, ஜாதி. அந்த உயிருக்கு விலை குறைவு என்று மனத்திற்குள் ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஜாதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் சாக்கடையைப் பற்றி ஏன் பேசுகிறார்கள் என்று கேட்டவர்களுக்கு இதுதான் நம் முழுப் பதில்.

தோழர்களே! பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டிற்குப் போய்ப் படுத்துக்கொண்டால் ஒரு குழாயும் மாறாது. ஆகையால் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்லி முடிக்கின்றோம். முதலாவது, திருட்டுக் குழாயும் உறிஞ்சும் மோட்டாரும் வைத்திருப்பவர்கள் தாங்களே எடுத்துவிடுங்கள், நாம் எடுத்துவிட்டோம். இரண்டாவது, கடைக்கோடிக் குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது இருக்கவேண்டும். சொட்டுமருந்து விட்டால் நிறம் காட்டிவிடும். வாரம் ஒரு முறை உங்கள் தெருவில் சோதிக்கும்படி நகரசபையைக் கேளுங்கள். சோதித்த தேதியைத் தெருவில் எழுதிப்போடச் சொல்லுங்கள். மூன்றாவது, பாதாளச் சாக்கடையில்லாத ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டரும், உள்ள ஊரில் 135 லிட்டரும் குழாய்த் தண்ணீர் கொடுக்கவேண்டுமென்பது திட்டம் போடுகிறவர்கள் முன்பு வைத்திருந்த அளவு. உங்களுக்கு எவ்வளவு வருகிறதென்று குடத்தால் அளந்து எழுதிவையுங்கள். நான்காவது, 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டினால், சாக்கடைக்கு எவ்வளவு செலவென்று எழுதினார்கள் என்பதை 30 நாளில் சொல்லவேண்டும். ஐந்தாவது, வார்டு கமிட்டி, ஏரியா சபை என்று 2022-இல் விதிகள் வந்திருக்கின்றன. அவற்றைக் கூட்டச் சொல்லி, போய் உட்காருங்கள். ஆறாவது, ஓட்டுக்குப் பணம் வாங்காதீர்கள். ஆயிரம் ரூபாய் கொடுத்தவர் அதைச் சாக்கடைக் கண்டிராக்டில்தான் எடுப்பார். அந்தச் சாக்கடை உங்கள் வாசலில்தான் இடியும். ஏழாவது, வரியைக் கட்டுங்கள். கட்டிவிட்டுக் கணக்குக் கேளுங்கள்.

நாம் சொன்னவற்றில் எதையும் நாம் சொன்னதற்காக ஏற்றுக்கொள்ள வேண்டாம். நாளைக்காலை உங்கள் வாசலில் இருக்கும் மூடியைத் தூக்கி, தண்ணீர்க் குழாய் எங்கே போகிறதென்று நீங்களே பாருங்கள். சாக்கடைக்குள் போகிறதாயிருந்தால், ஜோசியரிடம் போகாமல் ஒரு மனுவை எழுதிக்கொண்டு தெருவார் பத்துப்பேராய்ச் சேர்ந்து நகரசபைக்குப் போங்கள். அந்த மூன்றாம் வீட்டுச் சகோதரிக்கு நாம் செய்யத் தவறியது அதுதான். இன்னொரு வீட்டில் அது நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.